கறுப்புத் திரையில் ஒரு வரி

பிப்ரவரி 4

அன்புள்ள வாலுக்கு,

இங்கே நானும் உன் அண்ணனும் நலம். நலமில்லாதது ஸ்டூடியோப் பதிவுகளைச் சேமிக்க நீ போன வருஷம் வந்து மாட்டிவிட்டுப் போன அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றுதான். உன் உடம்பு எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

இவ்வளவு வயதாகியும் வாலு என்றே எழுதுகிறேனே என்று முறைக்காதே. உன் அண்ணன் வைத்த பெயர், அவரிடம் போய்ச் சண்டை போடு. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் பெட்டியைப் பற்றி வாயைத் திறந்தாலே இவர் பிடுங்கி, "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, நல்லா ஓடுது" என்று சொல்லி வைத்துவிடுகிறார். நன்றாக ஓடும் லட்சணத்தைக் கேள்.

ஒரு டிஸ்க்கில் பதிவதெல்லாம் இன்னொன்றிலும் அப்படியே இருக்கும், ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும் என்று வாய் கிழியச் சொன்னாயே! காலையில் ஸ்டூடியோவைத் திறந்து பெட்டியைப் போட்டால், இரண்டு டிஸ்க்கையும் மறுபடி சரிபார்க்கிறேன் என்று 'ரீசிங்க்' ஆரம்பிக்கிறது. ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று நகர்ந்து மதியம் ஆகிவிடுகிறது. மறுநாள் போட்டால் மறுபடியும் முதலிலிருந்து! அதுவரை எதையும் ஒழுங்காகப் பதிய முடியவில்லை.

நேற்று பதிப்பகத்தின் ஒலிப் பாடங்களைப் படிக்கிற அம்மாள் ஒரு அத்தியாயம் முழுக்கத் தொண்டை வறளப் படித்தார். இவர்தான் போட்டுக் கேட்காமல் எதையும் வெளியே விடமாட்டாரே. கடைத்தெரு அறிவிப்பாக இருந்தாலும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார். கேட்டால் பதிவு நடுநடுவே விக்கி விக்கி நிற்கிறது. அந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற இடம் பார்த்துக்கறோம்" என்று பதிப்பகத்தார் சொல்லிவிட்டார். அந்த வேலை போனால் ஸ்டூடியோவை மூட வேண்டியதுதான். இந்த அறையை விட்டால் உன் அண்ணனுக்கு வேறு உலகம் கிடையாது. உனக்கே தெரியும்.

நீ மாட்டினது. நீயே வழி சொல்.

எரிச்சலோடும் அன்போடும்,
உன் அண்ணி


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். சாப்பிடுகிறேன். நீங்களும் அண்ணனும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியை இன்டர்நெட்டில் இணைத்திருந்தால் நான் இங்கே உட்கார்ந்தபடியே பார்த்திருப்பேன். "என் பதிவை எவனாவது திருடிடுவான்" என்று அண்ணன்தான் வயரைப் பிடுங்கிப் போட்டார். இப்போது தபாலில் டிஸ்க் ரிப்பேர் பண்ண வேண்டியிருக்கிறது. என் பொறுப்பில் இங்கே ஒரு ஹால் நிறைய டிஸ்க் ஓடுகிறது அண்ணி. அவை எல்லாம் சேர்ந்தும் உங்கள் இரண்டு டிஸ்க் அளவுக்கு என் உயிரை வாங்கவில்லை.

விஷயம் இதுதான். பெட்டி அணையும்போது, "இரண்டும் ஒன்றாக இருக்கிறது, சரி" என்று கடைசியாக ஒரு குறிப்பு எழுதிக்கொள்ளும். மறுநாள் அந்தக் குறிப்பு இல்லை என்றால் அதற்குச் சந்தேகம் வந்துவிடும். முதலிலிருந்து கடைசிவரை ஒப்பிட ஆரம்பிக்கும். புதுப் பெட்டிகளில் மாறிய இடத்தை மட்டும் பார்க்கிற வசதி உண்டு. நம்முடையது பழசு.

குறிப்பு ஏன் எழுதப்படவில்லை என்பதுதான் கேள்வி. முதல் சந்தேகம் கேபிள். புதிதாக இரண்டு அனுப்பியிருக்கிறேன், மாற்றிப் பாருங்கள். இந்தக் கடிதத்தை அண்ணனிடமும் காட்டுங்கள்.

வாலு


மார்ச் 2

அன்புள்ள வாலுக்கு,

இருவரும் சுகம். அங்கே குளிர் விட்டதா?

கேபிள் மாற்றியாகிவிட்டது. உன் அண்ணன் பெட்டியின் சத்தம் மைக்கில் விழக்கூடாது என்று அதை ஒரு அலமாரிக்குள் வைத்து, சுற்றிலும் பஞ்சு அடைத்து, கதவுக்கு ரப்பர் ஒட்டி வைத்திருக்கிறாரே, அதற்குள் தலையை நுழைத்து மாற்றியது நான். இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். மறுநாள் காலை மறுபடி ரீசிங்க். கேபிளாம் கேபிள்!

அதிலும் இது என்ன பிடிவாதம் என்றே புரியவில்லை. சில நாள் சமர்த்தாகத் திறந்துகொள்கிறது. நேற்று முன்தினம் அப்படித்தான். சரியாகிவிட்டது என்று பதிப்பகத்துக்குப் போன் போட்டு அம்மாளை வரச் சொன்னேன். அவர் வந்து நின்ற அன்று மறுபடி சதவீதம் எண்ண ஆரம்பித்துவிட்டது. என் மானம் போயிற்று.

உன் கடிதத்தை அவருக்கு நான்தான் படித்துக் காட்டினேன். கண்ணாடியை எங்கேயோ தொலைத்துவிட்டார். "வாலு கெட்டிக்காரி, கண்டுபிடிச்சிடுவா" என்கிறார். அவருக்குத் தங்கச்சி எது செய்தாலும் வெல்லம். கண்டுபிடித்தால் நானும் சொல்கிறேன்.

உன் அண்ணி


மார்ச் 12

அன்புள்ள அண்ணிக்கு,

குளிர் விட்டது. கோபம்தான் விடவில்லை, உங்களுக்கும் எனக்கும்.

இரண்டாவது டிஸ்க் மேல் சந்தேகமாக இருக்கிறது. புது டிஸ்க் ஒன்று பார்சலில் வருகிறது. மாட்டிய பிறகு ஒரு தடவை முழு ரீசிங்க் நடக்கும், அதற்குள் குதிக்காதீர்கள். இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: ரீசிங்க் நடக்கிற நேரத்தில் ஒரு டிஸ்க் உயிரை விட்டால், இத்தனை வருஷப் பதிவும் போக வாய்ப்புண்டு. தினமும் இப்படி ஓடவிடுவது விளையாட்டில்லை.

ஒரு கேள்வி. தினமும் பெட்டியை அணைப்பது யார்? எப்படி அணைக்கிறீர்கள்? ஒன்று விடாமல் எழுதுங்கள். அண்ணன் கண்ணாடி கிடைத்ததா?

வாலு


ஏப்ரல் 9

வாலுக்கு,

சுகம்தான். பார்சல் வந்தது, டிஸ்க்கை மாட்டினோம். நீ சொன்ன முழு ரீசிங்க் ஓடி முடிந்தது. மறுநாள் காலை மறுபடியும்! இப்போது சொல், யாரை நான் திட்டுவது?

கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அலமாரியைத் திறந்து பார்த்து, "யாரு மாட்டினது இதை?" என்று உதட்டைப் பிதுக்கினார். "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்றார். "என் நாத்தனார் மாட்டினது, உங்களுக்குப் புரியலைன்னா விடுங்க" என்று அனுப்பிவிட்டேன். உன்னைத் திட்ட எனக்கு மட்டும்தான் உரிமை.

யார் அணைக்கிறார்கள் என்று கேட்டாயே. நான்தான். 'அணை' என்று அழுத்துவேன், திரை கறுத்துப் போகும், கதவுப் பக்கத்துச் சுவரில் இருக்கிற மெயின் சுவிட்சை அணைப்பேன், பூட்டிவிட்டுக் கிளம்புவேன். இதில் என்ன தப்பு? இத்தனை வருஷமாக இந்த அறையில் விளக்கு, விசிறி எல்லாம் இப்படித்தான் அணைகிறது.

அண்ணி


ஏப்ரல் 18

அண்ணிக்கு,

படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். இரண்டு கேபிள், ஒரு டிஸ்க், இரண்டரை மாதம்! அண்ணி, திரை கறுத்துப் போனால் பெட்டி அணைந்துவிட்டது என்று யார் சொன்னது? அதற்குப் பிறகுதான் அது டிஸ்க்கை நிறுத்துகிற வேலையே ஆரம்பிக்கும். சில நாள் சட்டென்று முடியும், சில நாள் நேரமாகும். முடிகிற வரைக்கும் கறுப்புத் திரையின் கீழே வெள்ளையாக ஒரு வரி நிற்கும்: "டிஸ்க் நிற்கிறது, இன்னும் அணைக்க வேண்டாம்." அந்த வரி மறைந்த பிறகுதான் சுவிட்சில் கை வைக்க வேண்டும். நீங்கள் நடுவில் கரண்டைப் பிடுங்கினால் அது எப்படிக் குறிப்பு எழுதும்?

சின்ன எழுத்துதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதுகூடத் தெரியாமல் தினமும் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போனால், கண் எதற்குத்தான் இருக்கிறது? எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அளவில்லை. பாவம் அண்ணன், உங்கள் அவசரத்தால் அவர் பதிவெல்லாம் கெடுகிறது.

வாலு


ஜூன் 6

அன்புள்ள அண்ணிக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? அண்ணன் எப்படி இருக்கிறார்? ஒன்றரை மாதமாகக் கடிதமே இல்லை. போன் போட்டால் அண்ணன் எடுத்து, "எல்லாம் நல்லா இருக்கு, அண்ணி வெளிய போயிருக்கா" என்கிறார். எப்போது கூப்பிட்டாலும் வெளியே போயிருக்கிறீர்கள். அவ்வளவு ஊர் சுற்றுகிற ஆளா நீங்கள்?

போன கடிதத்தில் வார்த்தை தடித்துவிட்டது. திட்ட வேண்டுமென்றால் நன்றாகத் திட்டி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். பேசாமல் இருக்காதீர்கள்.

பெட்டி சரியாகிவிட்டதா? இல்லையென்றால் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். பாட்டரியில் ஓடுகிற ரெக்கார்டர் இருக்கிறதே, அதன் ஒரு மைக்கை அலமாரிக்குள்ளும் இன்னொன்றை அறையிலும் வைத்து, அணைக்கிற நேரத்தில் முழுசாகப் பதிந்து அனுப்புங்கள். டிஸ்க் எப்போது நிற்கிறது, கரண்ட் எப்போது போகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன்.

வாலு


ஜூன் 20

வாலுக்கு,

சுகம். பெட்டி சரியாகவில்லை. பதிப்பகத்தார் இந்த மாதம் பாதிப் பாடங்களை வேறு ஸ்டூடியோவுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நீ கேட்டது இந்த பென் டிரைவில் இருக்கிறது. நானே பதிந்து அனுப்பலாம் என்று பார்த்தேன். "மைக்ல நீ கை வைக்காதே" என்று உன் அண்ணனே வைத்துப் பதிந்து கொடுத்தார்.

அண்ணி


ஜூலை 1

அண்ணி, இந்தக் கடிதத்தை உரக்கப் படிக்காதீர்கள். அவர் கேட்டால் கரண்ட் பில் வந்திருக்கிறது என்று சொல்லுங்கள்.

பதிவைக் கேட்டேன். அலமாரிக்குள் டிஸ்க் இரண்டும் நன்றாக இருக்கின்றன. கரகரவென்று எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போகிறது. அதுவரைக்கும் நான் நினைத்தபடிதான்.

அறையில் வைத்த மைக்கையும் கேட்டேன். நீங்கள் வெளியிலிருந்து, "வரி போயிடுச்சாங்க? நான் வந்து பாக்கட்டுமா?" என்று கேட்கிறீர்கள். "போயிடுச்சு, போயிடுச்சு, நீ வராதே" என்கிறார் அண்ணன். எங்கே போயிற்று? அலமாரியில் டிஸ்க் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதே! அப்புறம் அவர் நடக்கிறார். ஒரு நாற்காலி விழுகிறது. "இதை யாரு இங்க வெச்சது?" என்கிறார். பிறகு சுவரில் உள்ளங்கையால் தடவுகிற சத்தம். சரசரவென்று அந்தப் பக்கம், இந்தப் பக்கம், மேலே. சுவிட்ச் பலகையைத் தேடுகிறார் அண்ணி. அவர் கையால் அடித்த பலகையை, அவர் அறையில், விளக்கு எரியும்போது.

அணைப்பது நீங்கள் இல்லை. அவர்தான். அவருக்குக் கண் தெரியவில்லை. எத்தனை நாளாக? ஏன் எனக்குச் சொல்லவில்லை? நான் யாரு உங்களுக்கு, கேபிள் அனுப்புகிறவளா? எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வருகிறது, எழுத்து கோணுவது அதனால்தான்.

பெட்டிக்கு வழி இந்த பென் டிரைவில் சின்ன புரோகிராமாக இருக்கிறது, செருகினால் தானே ஏறிக்கொள்ளும். இனி இரண்டு டிஸ்க்கும் நின்ற பிறகு பெட்டியே மூன்று தடவை கூவும். அதன் ஸ்பீக்கரை வயரோடு அலமாரிக்கு வெளியே இழுத்து வையுங்கள். அது கூவிய பிறகு அவர் சுவிட்சைத் தொட்டால் போதும், திரையே தேவையில்லை. கண்ணுக்கு வழி டாக்டர்தான். லீவு போட்டுவிட்டேன். இந்த மாதக் கடைசியில் வருகிறேன். வராதே என்று எழுதினால் அதற்கும் சேர்த்துச் சண்டை போடுவேன்.

வாலு


ஜூலை 11

என் வாலுக்கு,

வா. முதலில் வந்து சேர். அதற்குள் நான் கொட்ட வேண்டியதைக் கொட்டிவிடுகிறேன், இல்லையென்றால் வெடித்துவிடுவேன்.

போன வருஷக் கடைசியிலேயே ஆரம்பித்துவிட்டது. முதலில் ஒரு கண் மங்கியது. கண்ணாடி மாற்றினால் சரியாகும் என்றார். மாற்றினார், சரியாகவில்லை. பிறகு மற்றதும் மங்கியது. டாக்டரிடம் போகலாம் என்று கெஞ்சினேன், திட்டினேன், இரண்டு நாள் பேசாமல்கூட இருந்தேன். "டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிட்டாருன்னா அப்புறம் எவன் என்கிட்ட பதிவுக்கு வருவான்? வாலுக்குத் தெரிஞ்சா வேலையைப் போட்டுட்டு ஓடி வந்துடுவா. சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றார். பண்ணித் தொலைத்தேன். கண்ணாடி தொலையவில்லை. மேஜை மேலேயே கிடக்கிறது, போட்டும் பிரயோஜனமில்லை.

நான்தான் அணைக்கிறேன் என்று எழுதினேனே, அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதச் சொன்னார். திரை கறுத்த பிறகு வரி ஒன்று வரும் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. நான் என்றைக்காவது அணைக்கும்போது, கதவு ஜன்னலெல்லாம் சாத்திவிட்டுக் கடைசியாகத்தான் சுவிட்சுக்கு வருவேன். அந்த நாளெல்லாம் பெட்டி சமர்த்தாகத் திறந்ததற்குக் காரணம் அதுதான் போலிருக்கிறது.

உன் ஏப்ரல் மாதக் கடிதத்தை வழக்கம்போல அவருக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். "கண் எதற்குத்தான்" என்பதுவரை வாயிலிருந்து வந்துவிட்டது. அதோடு நிறுத்திவிட்டேன். "நிறுத்தாதே, படி" என்றார். படித்தேன். "நியாயமான கேள்விதானே" என்று சிரித்தார். அன்றைக்கு நீ எதிரில் இருந்திருந்தால் உன்னைக் கன்னத்தில் அறைந்திருப்பேன். ஒன்றரை மாதம் ஏன் எழுதவில்லை என்று இப்போது புரிகிறதா? உன் தப்பு இல்லை என்று தெரியும். தெரிந்தும் மனசு ஆறவில்லை. அவரும் அன்றிலிருந்து, "வரி வந்தது, போயிற்று" என்று பார்ப்பதுபோல நடிக்கிறார். உங்களுக்குக் கண் தெரியவில்லை என்று அவரிடம் நான் எந்த வாயால் சொல்வேன்?

அவர் பதிந்து கொடுத்த பென் டிரைவை உனக்கு அனுப்ப உறையில் போடும்போது, அதில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சத்தியத்துக்குப் பயந்து அனுப்பியிருக்கமாட்டேன்.

நீ எழுதியதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. நீ வந்து சொல். பூகம்பம் வந்தால் இரண்டு பேருமாக வாங்கிக்கொள்வோம்.

உன் அண்ணி


ஆகஸ்ட் 30

வாலு,

நீ சுகமாகப் போய்ச் சேர்ந்ததற்குக் கடிதம் வந்தது. நாங்கள் நலம். நான் சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுகிறாள். நடுவில் தன் சரக்கைச் சேர்க்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். (சேர்ப்பேன். - அண்ணி)

சொட்டு மருந்தை உன் அண்ணி நேரம் தவறாமல் விடுகிறாள். நீ கூட்டிக்கொண்டு போன டாக்டரிடமே மறுபடி போனோம். இடது கண் போனது போனதுதான், வலது கண்ணில் இருப்பது இருக்கும் என்றார். முன்பே வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் என்றும் சொன்னார். (இதைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொள்கிறார். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது வாலு. ஒரு கண்! கௌரவத்துக்காக ஒரு கண்!)

பதிப்பகத்தாரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். எனக்குக் கண் சரியாகத் தெரியாது, இனிமேல் திரையைப் பார்க்கிற வேலையை என் மனைவி பார்ப்பாள், காது மட்டும் என்னுடையது, இஷ்டம் இருந்தால் கொடுங்கள் என்றேன். அந்த மனிதர் கோபித்துக்கொண்டார். "உங்க கண்ணையா நாங்க வாடகைக்கு எடுத்தோம்? மெஷின்தான் விக்கிச்சு, அதைச் சரி பண்ணுங்கன்னோம்" என்றார். வேறு இடத்துக்குப் போன பாடங்கள் அடுத்த வாரம் திரும்பி வருகின்றன.

பெட்டி இப்போது ஒரு நாள்கூட ரீசிங்க் கேட்கவில்லை. ஆனால் நீ வைத்த அந்தக் கூவல் காதில் ஊசி குத்துகிறது. இவ்வளவு படித்தவளுக்கு ஒரு நல்ல சத்தம் வைக்கத் தெரியாதா? கொஞ்சம் தாழ்த்தி அனுப்பு.

இன்னொன்று. நீ இங்கே வந்தபோது, பதிவைக் கேட்டுத் திருட்டுத்தனமாகக் கண்டுபிடித்ததுபோல முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்டாயே. எதற்கு? நான் எதையாவது போட்டுக் கேட்காமல் வெளியே விட்டிருக்கிறேனா? என் நாற்காலி விழுந்ததையும், சுவரை நான் தடவியதையும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் உன் அண்ணி கையில் கொடுத்தேன்.

(வாலு, பேனாவைத் தூக்கி எறிந்துவிட்டுப் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். இந்த மனிதர் அன்றைக்கே கேட்டாராம்! தெரிந்தே கொடுத்தாராம்! நான் இங்கே சத்தியத்தைக் கட்டிக்கொண்டு, உன்னிடம் வசவு வாங்கிக்கொண்டு, கரண்ட் பில் வந்திருக்கிறது என்று பொய் சொல்லிக்கொண்டு கிடந்தேன். "அவ்வளவு தெரிஞ்ச மனுஷன், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று கத்தினேன். பிறகு, "வாயால சொல்ல வரலை. அதான் மைக் வெச்சேன்" என்கிறார்.)

(கடிதத்தை நானே முடித்துவிடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். வேலை முடிந்து என்னைப் பெட்டியில் 'அணை' என்று அழுத்தச் சொல்லிவிட்டு, கூவலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இதோ, கூவிவிட்டது. சுவிட்சை அணைக்க எழுந்து போகிறார். வழியில் நாற்காலி எதுவும் இல்லை. நான் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறேன்.)

உன் அண்ணி